மனைவிக்கு வாங்கிய ஜி.பி.எஸ்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாயில் பல் துலக்கும் நுரையோடு, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி செல்போனை நம்பி எந்தப் புதையலையும் தேடப்போவதில்லை. கையடக்க ஜி.பி.எஸ். ஒன்று வாங்கியே தீருவது.

புதையல் என்றதும் தங்கம், வைரம் என்று யாரும் நாக்கில் எச்சில் ஊற வேண்டாம். இது ஒரு விளையாட்டு. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் புதரிலும் அலைவார்கள். டப்பாவுக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கும். கண்டுபிடித்தவர் அதில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். உள்ளே இருக்கும் சில்லறைச் சாமான்களில் ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்காக வளர்ந்த மனிதர்கள் வெயிலில் காய்கிறார்கள்.

நம்மவர் எட்டு மாதமாகக் காய்கிறார். இதுவரை ஒரு டப்பாவிலும் முதலில் பெயர் எழுதியதில்லை. போன வாரம்கூடப் பாலத்தடியில் இருந்த டப்பாவுக்காக ஓடினார். செல்போன் "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொன்னபோது அவர் யாரோ ஒருவருடைய கோழிக்கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். வெயிலில் திரை தெரியவில்லை. பிறகு சார்ஜும் போயிற்று. அதே நேரத்தில் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், நல்ல ஜி.பி.எஸ். கருவியோடு பாலத்தடிக்குப் போய், நோட்டின் முதல் வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்தும் முடித்துவிட்டார்.

முதல் வரி! அந்த இரண்டு வார்த்தைதான் அவரைத் தூங்கவிடவில்லை. வாசல் பலகையில் மனைவி பெயர் மேலே, அவர் பெயர் கீழே. தபால்காரர் மனைவியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். கல்யாண ஆல்பத்தின் முதல் படத்தில்கூட மனைவி முழுதாக இருக்கிறாள், இவர் தோள்பட்டை மட்டும் இருக்கிறது. உலகத்தில் ஏதாவது ஒரு நோட்டில், ஏதாவது ஒரு பக்கத்தில், முதல் வரி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது தப்பா?

அதற்கு ஒரு வாய்ப்பும் வந்திருந்தது. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியில் ஒரு டப்பா. போட்டு மூன்று வாரம் ஆகியும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. பல் டாக்டர் வெளியூரில் ஏதோ பல் மாநாட்டுக்குப் போயிருந்தார். போகும்போது மதில் மேல் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டும் போனார்.

"சார், அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துடுவேன். வந்ததும் முதல் வேலை குவாரிதான். அதுவரைக்கும் பார்த்துக்கங்க!"

பார்த்துக்கொள்வதா! ஒரு வாரம் இருந்தது. கருவிதான் இல்லை.

கருவிகளைப் பற்றி அவர் கரைத்துக் குடித்திருந்தார். ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, திரையின் அகலம், எடை, பேட்டரி, எத்தனை செயற்கைக்கோளோடு பேசும் என்று இருபத்து மூன்று பத்திகள் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தார். அவர் மனம் லயித்தது தொடுதிரை வைத்த பெரிய மாடலில். விரலால் தள்ளினால் வரைபடம் வழுக்கிக்கொண்டு போகும்.

"இங்க பாரும்மா, குவாரி டப்பாவுக்கு ஒரு துப்பு குடுத்திருக்காங்க. 'ஒரு காலத்தில் சுற்றியது, இப்போது சுற்றாது'ன்னு. காத்தாடியா இருக்குமோ? மாவு அரைக்கிற இயந்திரமோ?"

மனைவி ஒரு விநாடி கரண்டியை நிறுத்தினாள். "குவாரில எந்தப் பக்கம்?"

"தெக்குப் பக்கம். உனக்கு எதுக்கு அதெல்லாம்? வெண்ணெய் எங்க இருக்கு?"

"ஃப்ரிட்ஜுல."

அவர் திறந்தார். பார்த்தார். குனிந்து பார்த்தார். "இல்லியே."

"ரெண்டாவது தட்டு. இடது பக்கம்."

"இல்லைன்னு சொல்றேன்ல!"

மனைவி வந்தாள். கையை நீட்டினாள். வெண்ணெய் அவர் மூக்குக்கு நேரே இருந்தது. "ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்றீங்க. கடைசி வரி தெரியுதா, கடைசி வரி தெரியுதான்னு கேக்கறீங்க. வீட்டுல வெண்ணெய் தெரியல. குவாரில டப்பா தேடப் போறாராம்!"

இந்தச் சூழ்நிலையில் "ஜி.பி.எஸ். வாங்கப் போறேன்" என்று நேரடியாகச் சொல்வது தற்கொலைக்குச் சமம். ஏற்கெனவே வீட்டில் ஒரு தொலைநோக்கி இருந்தது. அதில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரியும். நின்ற இடத்திலேயே ஓடிப் பயிற்சி செய்யும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதன்மேல் துணிகள் காய்ந்தன. அதற்குப் பிறகு, உள்ளங்கையைவிடப் பெரிய எந்தச் சாதனமும் மனைவியின் உத்தரவில்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

அப்போதுதான் அவருக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. புதன்கிழமை கல்யாண நாள். மனைவி குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவள். தெருவில் எல்லோருக்கும் அவள் மீட்டரம்மா. தினமும் வீடு வீடாகப் போய், இரும்பு மூடியைத் தூக்கி, குழிக்குள் இருக்கும் மீட்டரைப் பார்த்து எண் எழுதிக்கொண்டு வருவாள். பாதி மூடிகள் செடிக்கு அடியிலும் மண்ணுக்கு அடியிலும் இருக்கும். தேடியே முதுகு ஒடியும். ஆகவே ஜி.பி.எஸ்ஸை அவளுக்கே பரிசாக வாங்கிக் கொடுத்தால்? அவள் எப்படியும் "எனக்கு எதுக்குங்க இது, நீங்களே வச்சுக்கங்க" என்பாள். அவர் வாங்கித்தந்த கைப்பை, கைக்கடிகாரம், குடை எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொன்னாள். கைப்பை மட்டும்தான் அவருக்குச் சரிப்படவில்லை.

"ஏம்மா, உன் முதுகுவலியை நினைச்சா எனக்கு மனசே கேக்க மாட்டேங்குது" என்று ஆரம்பித்தார்.

மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

"நிஜமாத்தான். ஒவ்வொரு மீட்டரும் எங்க இருக்குன்னு ஒரு தடவை குறிச்சு வச்சுட்டா போதும். அப்புறம் அம்பு காட்டும். நீ பாட்டுக்குப் போகலாம். கல்யாண நாளுக்கு உனக்கு ஒண்ணு வாங்கித் தரலாம்னு இருக்கேன்."

"எனக்கா?"

"உனக்கேதான்!"

"அப்ப நான்தான் பார்த்து எடுப்பேன்" என்றாள்.

திங்கட்கிழமை மாலை இருவரும் ஜி.பி.எஸ். விற்கும் கடைக்குப் போனார்கள். அவர் தாளை உரித்து மடித்து எடுத்து வந்திருந்தார். கடைக்காரர் தொடுதிரை மாடலை மேசையில் வைத்தார். நம்மவர் கண் கலங்கியது. விரலால் தள்ளினார். வரைபடம் வழுக்கிற்று.

"ஈரக்கையால தொட்டா வேலை செய்யுமா?" என்று மனைவி கேட்டாள்.

கடைக்காரர் தயங்கினார். "கொஞ்சம் கஷ்டம் மேடம்."

"கையுறை போட்டிருந்தா?"

"அதுவும்..."

"மூணடிக் குழிக்குள்ள விழுந்தா? தண்ணில நனைஞ்சா? பாதி வழியில சார்ஜ் போனா, வேற பேட்டரி போட முடியுமா?"

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்து மூன்று பத்திகளில் இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட இல்லை என்பதை நம்மவர் தாளைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு கடைக்காரர் அவர் பக்கமே திரும்பவில்லை. உள்ளே போய் மஞ்சளாக, தடிமனாக, பொத்தான்கள் துருத்திக்கொண்டிருக்கும் ஒன்றைக் கொண்டு வந்தார். பார்க்க சோப்புப்பெட்டி மாதிரி இருந்தது. சாதாரணப் பென்சில் பேட்டரி இரண்டு போட்டால் ஓடும்.

"இதான்" என்றாள் மனைவி.

"அசிங்கமா இருக்கும்மா."

"எனக்குத்தானே?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் என்ன சொல்ல முடியும்? "உனக்குத்தான், உனக்குத்தான்" என்றார். போகட்டும், அசிங்கமாக இருந்தாலும் கடைசியில் நம் கைக்குத்தானே வரப்போகிறது!

வீட்டுக்கு வந்ததும் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "எண் எப்படிப் போடறதுன்னு சொல்லிக் குடுங்க." முதலில் வீட்டைக் குறித்துக்கொண்டாள். "இன்னொண்ணு போட்டுப் பழகறேன். உதாரணத்துக்கு ஏதாவது ஒரு இடத்தோட எண் சொல்லுங்க."

அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உலகத்திலேயே ஒரே இடத்தின் எண்தான். கடகடவென்று ஒப்பித்தார். மனைவி ஒவ்வோர் எண்ணாக அழுத்தினாள். மீட்டர் எண் எழுதிப் பழகிய கை, ஓர் இலக்கம் பிசகவில்லை. 'எப்படி! குவாரியை அவள் கையாலேயே உள்ளே ஏற்றியாயிற்று' என்று அவர் உள்ளுக்குள் துள்ளினார்.

செவ்வாய் காலை அவள் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். புதன்கிழமையும் போனாள். அன்று மாலை அவர் ஜாடையாகக் கேட்டார்.

"பாரமா இருக்குமே உனக்கு? கழுத்து வலிக்குதா?"

"இல்லியே. இருநூறு மீட்டர் குறிச்சுட்டேன். மத்தியானமே வேலை முடிஞ்சுடுது. இத்தனை வருஷத்துல நீங்க வாங்கிக் குடுத்ததுலயே உருப்படியானது இதுதாங்க."

அவள் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. அவருக்கும் ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் 'நீங்களே வச்சுக்கங்க' என்ற வசனம் வரவே இல்லை. கொடுத்த பரிசை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது?

"இதுக்கெல்லாம் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் போடணும். போடலைன்னா அம்பு தப்பாக் காட்டும். சனிக்கிழமை நான் கடைக்கு எடுத்துட்டுப் போய்ப் போட்டுட்டு வந்துடறேன்" என்று அப்போதே விதை போட்டு வைத்தார்.

"ஓகோ" என்றாள் மனைவி.

சனிக்கிழமை காலை அவள் மறுபேச்சுப் பேசாமல் கருவியை எடுத்துக் கொடுத்தாள். "எதுக்குங்க இந்த முரட்டுப் பூட்ஸ்? கடை பக்கத்துலதானே?"

"மழை வந்தா?"

அவள் வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் இல்லை. "பத்திரமாப் போய்ட்டு வாங்க" என்றாள்.

குவாரிக்கு ஆறு கிலோமீட்டர். அம்பு அழகாக வழி காட்டியது. புதருக்குள் புகுந்து, பாறையில் ஏறி, சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு தெற்கு மூலைக்குப் போனார். இடிந்துபோன ஒரு பம்ப் அறை. கருவி 'மூன்று மீட்டர்' என்றது. அவ்வளவுதான் எந்தக் கருவியும் சொல்லும். மிச்சத்தைக் கண்தான் பார்க்க வேண்டும். அவருடைய கண்!

காற்றாடியைத் தேடினார். இல்லை. மாவு இயந்திரத்தைத் தேடினார். அதுவும் இல்லை. கல்லைப் புரட்டினார். தேள் ஒன்று எட்டிப் பார்த்தது. கல்லைத் திரும்ப வைத்தார். ஒன்றரை மணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில் கருவியின் பேட்டரி தீர்ந்து திரை இருண்டது. வந்த வழி எது என்று திரும்பிப் பார்த்தார். நாலு பக்கமும் ஒரே மாதிரி புதர். நாளைக்கு டாக்டர் வந்து, ஐந்தே நிமிடத்தில் எடுத்து, மதில் மேல் எட்டிப் பார்த்துச் சிரிப்பார். சோர்ந்துபோய், கீழே கிடந்த இரும்பு மூடியின் மேல் உட்கார்ந்தார்.

மூடி 'டொக்' என்றது.

தினமும் மனைவி தூக்குகிற மூடி! துள்ளி எழுந்து அதைத் தூக்கினார். குழிக்குள் துருப்பிடித்த ஒரு பழைய தண்ணீர் மீட்டர். ஒரு காலத்தில் சுற்றியது, இப்போது சுற்றாது. அதன் பக்கத்தில் பச்சை டப்பா!

பேனாவை எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

முதல் வரியில் முத்து முத்தான கையெழுத்து, அவருக்கு நன்றாகப் பழகிய கையெழுத்து:

"1. மீட்டரம்மா. வியாழன், காலை 11.10. மூடி திறக்கப்பட்டது. மீட்டர் ஓடவில்லை. எடுத்தது: ஒரு விசில். வைத்தது: பேட்டரி இரண்டு."

இரண்டாவது வரியும் அதே கையெழுத்தில் இருந்தது:

"2. என் வீட்டுக்காரர். சனிக்கிழமை 'சாஃப்ட்வேர்' போட வருவார். பேர் எழுதி வச்சுட்டேன், கையெழுத்து மட்டும் போடுங்க. டாக்டர் நாளைக்குத்தானே வர்றார், நீங்கதான் அவருக்கு முன்னாடி. உள்ளே இருக்கிற பேட்டரியைப் போட்டுக்கங்க. கருவியில பழசைத்தான் போட்டுக் குடுப்பேன்."

அவர் கையெழுத்துப் போட்டார். வேறு என்ன செய்வது? புதுப் பேட்டரியைப் போட்டதும் கருவி கண் விழித்தது. வீட்டுக்கு வழி பார்க்கலாம் என்று பட்டியலைத் திறந்தார். நானூற்றுச் சொச்சம் மீட்டர் எண்கள். 'வீடு' என்று ஒன்றைக் காணோம். மேலும் கீழும் இரண்டு தடவை தேடினார். எண்ணாக இல்லாத ஒரே ஒரு பெயர் கடைசியில் இருந்தது. அழுத்தினார். அம்பு மெல்லத் திரும்பி ஊர்ப்பக்கம் நின்றது.

"வெண்ணெய். ரெண்டாவது தட்டு, இடது பக்கம். 6 கி.மீ."