என் இருபது குதிரையும் சுத்துக்காரரும்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும், சுற்றுகிற பொருள் எதையும் சுத்துக்காரர் எண்ணாமல் விட்டதில்லை. அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஆரையம்பதியிலிருந்து கல்லடிப் பாலம் போய்ச்சேரத் தன் சைக்கிள் சில்லு எத்தனை சுற்றுச் சுற்றும் என்று கேட்டால் சொல்வார்; கேட்காவிட்டாலும் சொல்வார். ஒரு கலியாண வீட்டில் தாலி ஏறுகிற நேரம் எல்லாரும் மணவறையைப் பார்க்க, இவர் முகட்டைப் பார்த்து, "கெப்பாசிட்டர் போயிட்டு" என்றார். மாப்பிள்ளை தாலியை விட்டுவிட்டு, மந்தமாய்ச் சுற்றிய ஃபேனைப் பார்த்தார்.

மோட்டர் பார்ப்பது அவர் தொழில். நின்றுபோன மோட்டர் உண்மை சொல்லும், ஓடுகிற மோட்டர்தான் பொய் சொல்லும் என்பார்.

எனக்கு ஆரையம்பதியில் மா அரைக்கும் மில் ஒன்று. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்; பயப்படுவதில் மட்டும் பட்டதாரி. சின்ன மோட்டர் எரிந்துபோகுமோ என்ற பயத்தில் இருபது குதிரைவலு மோட்டர் வாங்கினேன். உப்புக்காற்றுப் படுமோ, மிளகாய்த்தூள் உள்ளே போகுமோ என்று அதைச் சுற்றிப் பலகைப் பெட்டியும் அடித்தேன். அது அடுப்பாய்க் கொதித்தது. கறன்ட் பில்லும் மாதாமாதம் கொழுத்தது. சித்திரை வருசத்துக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. பலகார மா அரைக்க ஊரே வருகிற நேரம் மோட்டர் எரிந்தால் மில்லை மூட வேண்டியதுதான். சுத்துக்காரரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் முதலில் பெட்டியைக் கழற்றி எறிந்தார். மோட்டரின் பின்பக்கக் காற்றாடிக்குக் காற்று வர வழியில்லை, மூக்கையும் வாயையும் பொத்திவிட்டுக் காய்ச்சல் என்று அழுகிறாயா என்று ஏசினார். பிறகு தண்டில் மினுங்கும் தாள் ஒன்றை ஒட்டி, மில்லைப் போடச் சொல்லி, டோர்ச் மாதிரி ஒரு கருவியை நீட்டி, மா அரைபடும்போதே சுற்றை எண்ணினார். மோட்டரில் அடித்திருந்த தகட்டைத் துடைத்து வாசித்தார். சிரித்தார்.

"மனே, வெறுமனே ஓடினா இது ஆயிரத்து ஐந்நூறு சுத்து. முழுப் பாரம் இழுத்தா அம்பது குறையோணும். உன்ட மில்லில பத்துத்தான் குறையுது. அஞ்சில ஒரு பங்கு வேலதான் செய்யுது. சும்மா நிண்டு கறன்ட் குடிக்குது."

"அப்ப என்ன செய்ற அண்ணன்?"

"அஞ்சு குதிர போதும்."

எனக்குத் தலை சுற்றியது. அதையும் எண்ணியிருப்பார்.

வழியையும் அவரே சொன்னார். காத்தான்குடியில் மரக்காலை வைத்து மரம் அறுக்கும் நானா ஒருவரிடம் ஓர் ஐந்து குதிரை மோட்டர், பாரம் இழுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. இரண்டையும் மாற்றினால் இரண்டு இடமும் தப்பும். நான் மனம் மாறுவதற்குள் நானா லொறியோடு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, பூசணிக்காய் அளவில் நானாவின் மோட்டர் உட்கார்ந்திருந்தது. அரிசிப் பேசின்களோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். "என்ன தம்பி, தையல் மெசின்ட மோட்டரக் கழட்டிக் கொண்டு வந்தயா?" என்று முன்னால் நின்ற அக்கா கேட்டார். பின்னால் ஒருவர், எதற்கும் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

சுத்துக்காரர் "போடு" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். பெல்ட் சீறியது. மில் ஒருமுறை முனகியது. பிறகு மா விழத் தொடங்கியது. மணம் மூக்குக்கு வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

"அம்பதில நாப்பது குறையுது," என்றார் அவர், பிள்ளை பிறந்த செய்தி சொல்வதுபோல. "இதுதான் வேல."

வருசம் பிறக்கும்வரை அரைத்துத் தள்ளினோம். தொட்டால் மோட்டர் இளஞ்சூடு, அவ்வளவுதான். கறன்ட் பில்லும் மெலிந்துவிட்டது.

இப்போதும் மாதம் ஒருமுறை அவருக்குப் போன் எடுத்து, மோட்டரில் ஏதோ சத்தம் கேட்கிறது, ஒருக்கா வந்து பாருங்க என்பேன். கருவியைத் தூக்கிக்கொண்டு வருவார். எண்ணுவார், ஏசுவார், இரண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்.

ஒரு சத்தமும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.