கரடிமூச்சு: முதல் நிலை

ஒரு காட்டில், தான் தினமும் தின்கிற கரையான் புற்றுக்கு முன்னால், கையில் டோக்கனோடு, நூற்றுப் பதினேழாவது ஆளாக ஒரு கரடி நின்றுகொண்டிருந்தது. பெயர் சடையன். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. இலுப்பை பூக்க இன்னும் இரண்டு மாதம், நாவல் பழுக்க ஆறு மாதம். அதுவரை கரையான்தான் சோறு. ஆனால் காட்டில் இருந்த ஏழு புற்றையும் சுற்றிக் கயிறு கட்டி, 'மௌனம் காக்கவும்' என்று பலகை மாட்டிவிட்டார்கள்.

வரிசையில் நின்றதெல்லாம் பறவைகள். மேற்கே பனி கொட்டுகிற தேசத்திலிருந்து குளிருக்குத் தப்பி வருகிற நாரை, வாத்து, உள்ளான். வழக்கமாக வரும், மீன் தின்னும், எச்சம் போடும், போகும். இந்தத் தடவை ஆளுக்கொரு பாயைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தன.

எல்லாம் ஆறு வருஷத்துக்கு முந்தின கூத்து. கரடி எப்படிக் கரையான் தின்னும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. புற்றை நகத்தால் பிளக்கும். ஓட்டையில் வாயை வைத்துப் பூவென்று ஊதி மண்ணை விரட்டும். அப்புறம் உர்ரென்று உறிஞ்சும். தூசி விழாமலிருக்கக் கண்ணை மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். சடையன் இப்படித் தின்றுகொண்டிருந்ததை ஒரு கிழட்டு நாரை பார்த்துவிட்டது. அதற்குக் கூட்டிலும் நிம்மதியில்லை, ஊரிலும் நிம்மதியில்லை. கிட்டே வந்து, ஐயா, தாங்கள் உள்ளே எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டது. சடையன் பதில் சொல்லவில்லை. வாய் நிறையக் கரையான்.

நாரை அழுதேவிட்டது. மேற்கே திரும்பிப் போய், கிழக்கில் ஒரு மகான் இருக்கிறார், பூமிக்குள் மூச்சை விட்டு பூமியின் மூச்சை வாங்குகிறார், கேட்டால் மௌனத்தால் பதில் சொல்கிறார் என்று பரப்பிவிட்டுச் செத்தும் போனது. அந்த ஊரில் பழைய சாமி அலுத்துப்போனவர்கள் நிறையப் பேர். கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். கரடிமூச்சு என்று பெயர் வைத்தார்கள். பதினாலு நிலை வைத்தார்கள். மகான் கண்ணை முழுசாக மூடியிருந்தாரா, பாதி திறந்திருந்தாரா என்று சண்டை போட்டு இரண்டு சபையாகப் பிரிந்தும் விட்டார்கள். இங்கே வந்திருந்தது கண்மூடிய சபை.

படிவம் கொடுத்துக்கொண்டிருந்தவன் கோமதிநாயகம், உள்ளூர்க் கீரி. போன மாதம் வரை எலி வளை தோண்டிக்கொண்டிருந்தவன் கழுத்தில் இப்போது அடையாள அட்டை. சடையனை அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. படிவத்தில் குருவின் பெயர், குருவுடைய குருவின் பெயர், எத்தனை வருஷமாக மூச்சு விடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தது. கடைசியாக, எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டிருந்தது.

"சாப்பிடாம இருந்தா எனக்கு ஒத்துக்கிடாதுடே," என்றான் சடையன்.

கோமதிநாயகம் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக்கொண்டான்.

முன்னால் நின்ற வாத்தம்மாள் நல்லவள். புதுசு என்று பார்த்து, சடையனுக்கு விவரம் சொன்னாள். பதினாலாவது நிலைக்குப் போனால்தான் புற்றுக்குள் என்ன இருக்கிறது என்ற ரகசியத்தைக் காதில் சொல்வார்களாம். அவள் அக்கா ஐந்து வருஷமாக மூச்சு விட்டு இப்போதுதான் ஒன்பதில் நிற்கிறாளாம்.

சடையனுக்குப் பாவமாகிவிட்டது.

"கரையாந்தாம்மா," என்றான். "வெள்ளையா இருக்கும். வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகும்."

வாத்தம்மாள் மயங்கி விழுந்தாள். வரிசை முழுக்கத் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது. முதல் நிலைகூட முடிக்காதவர்கள் பதினாலாம் நிலை ரகசியத்தைக் கேட்டால் ஆவி கலங்கிவிடும் என்பது சபையின் விதி. நாலு பேர் வந்து சடையனைத் தலைவியிடம் இழுத்துப் போனார்கள்.

தலைவி ஒரு பெரிய நாரை. பிறந்தபோது ஹெல்கா. இப்போது மாதா கரடிப்பிரியா. நீளக் கழுத்தில் உருத்திராட்சம் நாலு சுற்று. கோபம் நாலாம் நிலையிலேயே போய்விடும் என்பதால் சிரித்துக்கொண்டே திட்டினாள். மகானின் உபதேசத்தை இப்படிக் கொச்சைப்படுத்தலாமா என்று கேட்டு, மகானின் படத்தைக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று, ஒட்டிய வயிறும் நீலக் கண்ணுமாக, ஒரு மயிர் கலையாமல் மகான் உட்கார்ந்திருந்தார்.

சடையன் ரொம்ப நேரம் பார்த்தான். "இது என்ன, கொக்கா?" என்றான். அப்புறம்தான் விளங்கி, "அது நாந்தாம்மா," என்றான்.

"அன்பரே, அவர் பசியைக் கடந்தவர். உங்கள் வயிறு சத்தம் போடுகிறது."

போட்டது உண்மைதான்.

பரிகாரம் விதித்தாள். எல்லோர் முன்னிலையிலும் பெரிய புற்றில் ஒரே ஒரு தடவை ஊத வேண்டும். ஊதியதும் வாயை எடுத்துவிட வேண்டும். உள்ளே இழுப்பது ஏழாம் நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும். ஒழுங்காகச் செய்தால் முதல் நிலைச் சான்றிதழ். இல்லையென்றால் இந்தக் காட்டில் எந்தப் புற்றுப் பக்கமும் தலைகாட்டக் கூடாது.

போகிற வழியில் கோமதிநாயகம் அவன் காதைக் கடித்தான்.

"அண்ணாச்சி, ஊதிட்டு நவுந்துருங்க. நாந்தான் மகான்னு மறுபடி வாயத் தொறக்காதீக. உசுரோட இருக்க மகான இவுகளுக்கு ஆகாது, எதுத்துப் பேசும்லா. ஏழாம் நிலைக்கு நான் பாத்து ஏத்தி விடுதேன், மூணு வருசம் பல்லக் கடிச்சுக்கிடுங்க."

மூன்று நாளைக்கே இந்தக் கதி. மூன்று வருஷமாம்.

சடையன் குனிந்தான். கண்ணை மூடினான். ஓட்டையில் வாயை வைத்து ஊதினான். மண் கிளம்பி முதல் இரண்டு வரிசை மேல் கொட்டியது. அவர்கள் கண்ணில் நீர் வழியக் கும்பிட்டார்கள். கரடிப்பிரியாவே அசந்துபோய், இப்படி ஒரு ஊதலைப் பார்த்ததில்லை, நேராக மூன்றாம் நிலைக்கே அனுப்பலாம் என்றாள். சடையனுக்கு அது காதில் விழவில்லை. உதட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் கரையான் ஊர்கிற சத்தம்தான் விழுந்தது.

போதும், வாயை எடுங்கள் என்றார்கள்.

எடுக்கவில்லை.

நீதி: சாப்பிடும்போது கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். எவனாவது பார்த்தால் மதம் ஆரம்பித்துவிடுவான்.