பொக்லைன் கொண்டுவந்த தாத்தாப்பூ

ஒரு பூவுக்காக ரோடு வளைந்ததாக நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஜவ்வாது மலையில் அப்படி ஒரு ரோடு இருக்கிறது. வளைத்தவன் பொக்லைன். ஓட்டிய இயந்திரத்தின் பெயரே அவன் பெயராகி, சொந்தப் பெயர் ஆதார் அட்டைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

வேலை நிமித்தம் நான் ஜமுனாமரத்தூரில் தங்கியபோது அவனும் நானும் ஒரே அறை. தாத்தாப்பூ என்றால் அவனுக்கு உயிர். பாதையோரத்தில் யாரும் கூப்பிடாமல் முளைக்கும் பூண்டுதான். மெலிந்த நீளக் கழுத்து, மஞ்சள் முகம், பல் விழுந்தாற்போல இடைவெளி விட்ட வெள்ளை இதழ்கள். காற்று வந்தால் எல்லாத் தாத்தாக்களும் ஒன்றாக ஆமாம் போடுவார்கள். மலையைப் புரட்டும் இரும்புக் கை அவர்கள் முன்னால் வந்ததும் அந்தரத்தில் நின்றுவிடும்.

“இன்னாய்யா, வேடிக்க பாக்கறியா? வாரிப் போடு” என்று மேஸ்திரி கத்துவார்.

“கல்லு பட்டு கால் கிழிஞ்சா இந்த எலச் சாறுதான வுடறீங்க? வாரிட்டா அப்பறம் இன்னாத்த வுடுவீங்க, டீசலையா?”

வெட்டுக்காயத்துக்கு அந்தச் சாறு விடுவது அங்கே எல்லோரும் செய்வதுதான். இவன் அதோடு நிற்கவில்லை. கொசு கடித்தால் சாறு. சட்டை கிழிந்தால் தைப்பதற்கு முன் ஒரு சொட்டு. என் ஸ்கூட்டர் புளியமரத்தில் உரசிய அன்று, என் முழங்கையில் பிழிந்த மிச்சத்தை வண்டியின் கீறலிலும் தடவினான்.

“அதுக்கும் வலிக்கும்ல சார்.”

இவனுக்குத்தான் பெண் கிடைக்கவில்லை. அப்பா அம்மா இல்லை. கேட்டுப்போன வீடுகளில் எல்லாம், மண் வாருகிறவனுக்கா என்றார்கள். கடைசியில் கண்ணமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டார் வரச் சொன்னார்கள்.

“இதுவும் போச்சுன்னா வுட்டுடலாம் சார்” என்றான், கண்ணாடியைப் பார்க்காமலே ஷேவ் செய்தபடி.

மாப்பிள்ளை வீட்டார் என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான். பழமும் வெற்றிலைபாக்கும் என்னிடம், மல்லிகைச் சரம் அவனிடம், இருவரும் ஸ்கூட்டரில். மழைக்கு மறுநாள். பாதி மலை இறங்கியதும் மண் சரிந்து வழியை அடைத்திருந்தது. அவன் இயந்திரம் அங்கேதான் ஓரமாக நின்றிருந்தது. பூப்பையைப் பத்திரமாக ஒரு பாறைமேல் வைத்தான்; பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். இடப்பக்கம் தாத்தாப்பூக்கள். அதனால் மண்ணையெல்லாம் வலப்பக்கம் கொட்டினான். வலப்பக்கம்தான் அந்தப் பாறை.

வழி திறந்தது. மல்லிகை அடக்கமாகிவிட்டது. நல்ல நேரம் முடியப் போகிறது, பூக்கடை தேட நேரமில்லை. இடப்பக்கம் போய் ஒரு கை நிறையப் பறித்துக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தான்.

தாம்பாளத்தைப் பார்த்ததும் பெண்ணின் அத்தைக்கு முகம் மாறியது.

“பூ எங்க?”

“மல்லிதாங்க வாங்கினேன். மூடிட்டேன்.”

“கடைய மூடிட்டாங்களா?”

“இல்லீங்க. நான்தான். மண்ணப் போட்டு.”

“நல்ல காரியத்துக்கு வந்து பேசற பேச்சப் பாரு. ஆடு மேயறதக் கொண்டாந்து தட்டுல வெச்சிக்கினு.”

நான் செருப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் பெண் காபியோடு வந்தாள். இவன் தலை நிமிரவில்லை. டம்ளரை அவன் முன்னால் வைத்தவள், தாம்பாளத்தைச் சற்று நேரம் பார்த்தாள். நீளமான தண்டாக ஒன்றை எடுத்து வளைத்துச் சுருக்கிட்டாள். ‘தாத்தா தாத்தா தலையைக் கொடு’ என்று பிள்ளைகள் ஆடும் அதே ஆட்டம்தான். வெடுக்கென்று இழுத்ததில் தாத்தாவின் தலை பறந்து போய் இவன் காபியில் விழுந்தது.

அத்தை நெஞ்சில் கையை வைத்தாள். வீடே அவனைப் பார்த்தது. அவன் டம்ளரை எடுத்து, தலையோடு சேர்த்துக் கடைசி மடக்குவரை குடித்தான்.

“சக்கர சரியா இருக்குதுங்க.”

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“நீளத் தண்டாப் பாத்துப் பறிச்சிருக்காரு அத்த. எனக்குச் சரி.”

இப்போது அவர்கள் கண்ணமங்கலத்தில். நான் மாற்றலாகித் திருப்பத்தூரில். ஸ்கூட்டரின் கீறலில் அந்தப் பச்சை பழுப்பாகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயின்ட் அடித்துத் தரட்டுமா என்று மெக்கானிக் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். ஆறிக்கொண்டிருக்கிறது, இருக்கட்டும் என்கிறேன்.