ஞாயிற்றுக்கிழமை ஒழுகும் பைக்

என்ன ஆனாலும் சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை ஆரவல்லி மலையில் பைக்கோடு ஏறிவிடுவது என்று கலியமூர்த்தி சபதம் போட்டார். போன ஞாயிற்றுக்கிழமையும் இதே சபதம்தான். அதற்கு முந்தின ஞாயிறும் இதேதான்.

மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் வாசி. ஐம்பதைத் தாண்டிய வயது, தொந்தி உண்டு, முடி இல்லை. நல்ல காற்று வாங்குங்கள் என்று டாக்டர் சொன்னார். இவர் போய் பழைய டர்ட் பைக் ஒன்றை வாங்கி வந்தார்.

காடு மேடெல்லாம் தாவுகிற வண்டி அது. ரேடியேட்டர் உண்டு, விசிறி கிடையாது. ஓடினால் காற்றுப் பட்டுக் குளிரும், நின்றால் கொதிக்கும். நிற்கக் கூடாத வண்டியை வாங்கி டெல்லி டிராஃபிக்கில் விட்டவர் அநேகமாக இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அது போதாதென்று, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒழுகல் வேறு. ஒவ்வொரு ஞாயிறும் ஹெல்மெட், முழங்கால் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு புறப்படுவார். ஐ.என்.ஏ. சிக்னலில் சிவப்பு விழும். எஞ்சினிலிருந்து குப்பென்று ஆவி கிளம்பும்.

"அங்கிள்ஜி, சாவல் பக் கயா க்யா?" என்பான் பக்கத்து ஆட்டோக்காரன். சோறு வெந்துவிட்டதா என்று கேட்கிறானாம்!

ஆபீசில் பைக் கோஷ்டி ஒன்று இருந்தது. அவர்கள் மலை உச்சியில் நின்று போட்டோ அனுப்பும்போது இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருப்பார். 'குக்கர் சாப்' என்று அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் அவரை ரொம்பவே உறுத்தியது.

"என்னங்க, போன சுருக்குல வந்துட்டீங்க?" என்பாள் மனைவி தமிழ்செல்வி.

"ஹோஸ்ல லீக்குடி."

"ஐயையோ! இப்ப என்ன பண்ணுவீங்க?"

"கழட்டித்தான் பாக்கணும். சாயங்காலம் ஆயிடும்."

"சாயங்காலம் ஆயிடுமா? பாவம். சாப்பாட்டைக் கீழேயே கொண்டாந்து தரேன். மேல வராதீங்க, கையெல்லாம் கிரீஸு."

தனக்காக இப்படி உருகுகிற மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று கலியமூர்த்திக்குக் கண் கலங்கும்.

ஹோஸை மாற்றினார். ரேடியேட்டர் மூடியை மாற்றினார். உள்ளே காற்று அடைத்திருக்கும் என்று யாரோ சொல்ல, முன்சக்கரத்தைச் செங்கல்மேல் ஏற்றிவைத்துக் காற்றை வெளியேற்றினார். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் உட்கார்ந்து வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட எல்லா வித்தையையும் காட்டினார். வாரம் பூரா சொட்டு ஒழுகாது. ஞாயிறு வந்தால் மட்டும் ஒழுகும். பைக்குக்குக் கிழமை தெரிந்திருந்தது.

கடைசியில் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் திருகில், தமிழ்செல்வியின் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சிக்னலில், ஆவிக்கு நடுவே குனிந்து பார்த்தார். கோடு அரைச் சுற்றுத் திரும்பியிருந்தது.

திருகு தானாகத் திரும்பாது. எவனோ திருப்பியிருக்கிறான். எவனோ என்ன எவனோ, பக்கத்து பார்க்கிங் ஸ்ரீவத்ஸன்தான்! தன் காரை இடிக்கிற மாதிரி பைக்கை நிறுத்துகிறீர்கள் என்று சண்டைக்கு வந்தவர் ஆயிற்றே.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், முடி வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பேஸ்மென்ட் பார்க்கிங்கில் தூணோரம் குந்தி, ஸ்கூட்டர் கவர் ஒன்றைத் தலைமேல் போர்த்திக்கொண்டார். மே மாத வெக்கையில் உள்ளே வெந்தது. ஆனால் பார்ப்பதற்கு அசல் பழைய ஸ்கூட்டராகவே இருந்தார்.

செருப்புச் சத்தம் கேட்டது. கவர் ஓட்டை வழியாகப் பார்த்தார். ஸ்ரீவத்ஸன் இல்லை, அவர் மனைவி வைதேஹி. கூடவே கையில் ஸ்க்ரூடிரைவருடன் தமிழ்செல்வி.

வைதேஹி கையிலிருந்த தர்பூசணியை ஸ்கூட்டர்மேல் வைத்தாள். ஸ்கூட்டர் மூச்சை அடக்கிக்கொண்டது.

"தைரியம்தான் தமிழ் உனக்கு. அவர் வந்துட்டா?"

"முடி வெட்டப் போயிருக்காரு. இருக்கிற முடிக்குச் சுருக்க வந்துடுவாரு, ஜல்தியா முடிக்கணும்."

"இந்த வண்டி பிடிக்கலைன்னா வித்துடச் சொல்லேன்?"

"வித்துட்டா? ஞாயித்துக்கிழமை பூரா அடுப்படியிலதான் நிப்பாரு. வெங்காயம் ஏன் பெருசா இருக்கு, ரசம் ஏன் நுரைக்கல, எண்ணெய் ஏன் இவ்வளவுன்னு கேட்டுக்கிட்டே. ஒருநாள் இட்லிக்கு ஏன் விசில் வரலன்னாரு வைதேஹி!"

"அப்போ ஓட விட்டுடேன்."

"ஓடுனா மலை ஏறுவாரு. ஏறுனா விழுவாரு. விழுந்தா மாசக்கணக்குல கட்டில்ல கிடந்துக்கிட்டு அடுப்படியைப் பாத்தே பேசுவாரு. விக்கவும் கூடாது, ஓடவும் கூடாது. வாரத்துக்கு அரைச் சுத்து, அம்புட்டுதான். அவரும் கீழ சந்தோஷமாத்தான் இருக்காரு, பாவம்."

வைதேஹி பெருமூச்சு விட்டாள். "எங்காத்துல இவரும் சண்டேன்னா பின்னாடியே சுத்தறார். இந்த மாதிரி வண்டி இன்னொண்ணு கிடைக்குமா?"

தர்பூசணியை எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். கவரிலிருந்து வெளியே வந்த கலியமூர்த்தி, ரேடியேட்டரைவிட அதிகமாகக் கொதித்தார். கிளாம்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். பைக் இப்போது ஒழுகாது. நாளைக்கே மலை ஏறலாம்.

ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த மலையை நினைத்தாலே அவருக்குப் பயம். தவிரவும், மலையைவிடப் பழிவாங்கல் ருசியாகத் தோன்றியது. எந்த அடுப்படியைக் காப்பாற்ற அவள் திருகினாளோ, அந்த அடுப்படியிலேயே போய் நிற்கப் போகிறார்!

ஞாயிறு காலை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"தமிழு, பைக்கை விக்கப் போறேன். இனிமே ஞாயித்துக்கிழமை பூரா இங்கேயேதான். உன்கூட."

அவள் முகம் செத்துப்போகும் என்று காத்திருந்தார். அது தாமரையாக மலர்ந்தது.

"நெசமாவாங்க? எத்தனை நாளா வேண்டிக்கிட்டு இருந்தேன்! இந்தாங்க," என்று ஒரு முறம் சின்ன வெங்காயத்தை நீட்டினாள். பிறகு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, வெங்காயம் இப்படியா உரிப்பாங்க?"

"பின்ன எப்படி உரிப்பாங்க?"

"சதை பூரா தோலோட போகுது பாருங்க. போகட்டும், தேங்காயைத் திருவுங்க. ஐயோ, ஓடும் சேந்து வருதே!"

"கொஞ்சம் சும்மா இருக்கியா?"

"நான் என்னங்க சொன்னேன், நல்லதுக்குத்தானே?"

வெங்காயத்துக்குப் பின் பரண். பரணுக்குப் பின் எண்ணெய்ப் பிசுக்கேறிய எக்ஸாஸ்ட் ஃபேன். நடுவில் அவள் பால் பூத்துக்குப் போய்வந்து, விட்ட இடத்திலிருந்து நல்லது சொல்ல ஆரம்பித்தாள். கூலரைக் கழற்றி அதன் பக்கவாட்டுப் புல்தட்டிகளை அலசச் சொன்னபோது கலியமூர்த்தியின் கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயம் முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

பேஸ்மென்ட் அவர் கண்முன் வந்தது. அங்கே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அங்கே அவர் ராஜா. மத்தியானம் தயிர்சாதம் தேடி வரும்.

"தமிழு... பைக்ல ஏதோ ஒழுகற மாதிரி இருக்கு. ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்."

"ஒழுகுதா? ஐயையோ! சாயங்காலம் ஆயிடுமா?"

"ஆயிடும்."

"போங்க, போங்க. கூலரை நான் பாத்துக்கறேன்."

ஸ்க்ரூடிரைவரைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு படியில் ஓடினார். பார்க்கிங்கில் ஈ காக்கை இல்லை. பைக் பக்கத்தில் அவர் உட்கார ஒரு மூங்கில் மோடா மட்டும் போட்டிருந்தது. அதில் உட்கார்ந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அரைச் சுற்றுத் திருக மெல்லக் குனிந்தார்.

கிளாம்ப் ஏற்கெனவே அரைச் சுற்று லூஸாக இருந்தது.