மாத்தூர் வரைக்கும் தண்ணி கிடையாது

ஓடாமலே ஒரு மனிதனுக்கு மூச்சு வாங்க வைக்கலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தவர் எங்கள் ராயபுரம் விசில் நைனா ஒருவர்தான். நெடுந்தூரம் ஓடி வந்தவன்கூடத் தெம்பாக வீட்டுக்குப் போய்விடுவான். நைனாவின் திட்டக் கூட்டத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எழுந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவான்.

துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று, விசிலடித்துக் கையைக் காட்டி, சரக்கை ஏற்றி இறக்க வைத்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை ஓய்வு பெறவில்லை. உள்ளங்கையால் காற்றைத் தட்டினால் இறக்கு, விரலைச் சுழற்றினால் தூக்கு, முஷ்டியை மடக்கினால் அப்படியே நிறுத்து. பேச்சுக்குக் குறைச்சல் கிடையாது, நாள் முழுக்கப் பேசுவார். ஆனால் யாரிடமாவது எதையாவது கேட்க வேண்டுமென்றால் வாய் வராது, கைதான் வரும். சலூனில் விரலைச் சுழற்றி, 'காதுக்கு மேலே தூக்கி வெட்டு' என்று காட்டப்போக, பார்பர் பயந்துபோய் நாற்காலியையே உயர்த்திவிட்டார்.

இது இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டி நடந்தது. நான் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஓர் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். ராயபுரத்தில் எனக்கு நெருக்கமானவர்கள் என்றால் என் ரூம் சுவரில் குடியிருந்த இரண்டு பல்லிகள்தான். அதில் ஒன்று சரியாக முகம் கொடுக்காது. அந்தச் சமயத்தில் நகரத்தில் ஒரு மாரத்தான் வைத்தார்கள். ஓடி முடிக்கிறவர்களுக்கு இலவச பனியன். பனியன் என்றதும் எங்கள் தெருவில் மூன்று வீரர்கள் உதித்தோம்: ரயில்வேயில் வேலை பார்த்த டில்லி, மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் பிரான்சிஸ், நான். பிரான்சிஸ் எங்கே போனாலும் அவன் தொப்பை இரண்டு நிமிஷம் முன்னால் போய்ச் சேரும். பந்தயத்துக்கு முன்னால் ஊருக்குள் ஒரு நீள ஓட்டம் ஓடிப் பழக வேண்டுமென்று சொல்லி, தினமும் விடியலில் ஓடுகிற நைனா அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நாங்கள் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு சாயங்காலம் அவர் வீட்டில் கூட்டம். பெண்டாட்டி இறந்து பல வருஷம். வீட்டில் ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர். முறை வைத்து டீ குடித்தோம். நாலாவது வாரம் போனபோது புதிதாக மூன்று டம்ளர்கள் அலமாரியில் இருந்தன. நாய் எந்தத் தெருவில் துரத்தும், கன்டெய்னர் லாரி எத்தனை மணிக்கு ரோட்டை அடைத்துக்கொள்ளும், காற்று எந்தப் பக்கமிருந்து எந்தக் கம்பெனி நாற்றத்தைக் கொண்டுவரும் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு தலைப்பு. எழுந்தால் முஷ்டியை மடக்குவார். "இரு, இன்னொரு மேட்டர் கீது." உட்கார்ந்தால் மேட்டர் ஒன்றும் இருக்காது. மனுஷனுக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். எனக்கும் வேண்டியிருந்ததால் நான் குறை சொல்லவில்லை.

சண்டை வந்தது பாதையில்தான்.

"கடலோரமாவே எண்ணூர் வரைக்கும் ஓடலாம் நைனா. காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வரும்," என்றான் டில்லி.

"வாணாம். டோல்கேட்டு, திருவொத்தியூரு, அங்க லெஃப்ட் அட்ச்சி, மணலி வழியா மாத்தூரு."

"மாத்தூர்ல இன்னா கீது?"

"ரோடு கீது."

"ரோடு எங்கதான் இல்ல?"

டில்லியின் மச்சான் தண்ணீர் பாக்கெட்டுகளோடு சைக்கிளில் கூட வருவதாக இருந்தது. நைனா அதற்கும் முஷ்டியை மடக்கினார்.

"திருவொத்தியூரு வரைக்கும் வர்ட்டும். அப்பால மாத்தூர் வரைக்கும் தண்ணி கிடையாது. அங்க ஒரு வூடு கீது, குட்ச்சிக்கலாம்."

"நாங்க இன்னா ஒட்டகமா நைனா?" என்று பிரான்சிஸ் கத்தினான். பயனில்லை.

ஒரு ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். முன்னால் விசில், பின்னால் நாங்கள். டோல்கேட்டில் சைக்கிள் மச்சான் பாக்கெட் நீட்டினார். நாங்கள் ஆளுக்கு இரண்டு உறிஞ்சினோம். நைனா மட்டும் தொடவில்லை. திருவொற்றியூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. "நிக்காத, காலு புட்ச்சிக்கும்!" என்று நின்ற இடத்திலேயே எங்களைக் குதிக்க வைத்தார். கேட்டில் காத்திருந்த பஸ் முழுக்க எங்களைப் பார்த்துச் சிரித்தது. ஒரு அம்மா கண்டக்டரிடம், "பாவம், இன்னா வேண்டுதலோ," என்றார்.

கேட்டோடு சைக்கிள் மச்சான் திரும்பிவிட, மணலி ரோட்டில் வெயில் ஏறியது. ஒரு பக்கம் டேங்கர் லாரி, மறுபக்கம் புகைக் குழாய். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "எனக்கு பனியனே வாணாம்டா, வெறும் ஒடம்போட இருந்துக்கறேன்," என்று பிரான்சிஸ் அழாத குறை. மாத்தூருக்குள் நுழைந்ததும்தான் கவனித்தோம், விசில் சத்தமே இல்லை. எங்களுக்கு முன்னால் ஓடிய மனிதர் எங்களுக்குப் பின்னால் போயிருந்தார். ஒரு தெருமுனையில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பச்ச கேட்டு போட்ட வூடு. நீங்க மின்னாடி போங்க."

"யாரு வூடு நைனா?"

"எம் பொண்ணு வூடு. ஸ்டெல்லா." குரல் சருகாக வந்தது. "அவளா ஒருத்தன இட்டுகினு போயி கண்ணாலம் கட்டிகினா. ஒன் வூட்ல ஒரு சொட்டு பச்சத்தண்ணி எம் பல்லுல படாதுன்னு சொல்ட்டேன். ஆறு வருசம் ஆச்சி. ரெண்டு வாட்டி பஸ்ல வந்து, பஸ் ஸ்டாப்போட திரும்பிட்டேன். சும்மா போயி நின்னா இன்னான்னு சொல்றது? தண்ணி கேட்டு வந்தவனுக்கு யாரும் கதவ சாத்த மாட்டாங்க இல்ல? தாகமாவது நெஜமா இருக்கட்டும்னுதான் காலைலேர்ந்து குடிக்கல."

அதுவரை அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். மூன்று பேரும் பச்சை கேட்டைப் பார்த்து நடந்தோம்.

டில்லி கேட்டைத் தட்டினான். "யம்மா, கொஞ்சம் தண்ணி குடும்மா." வெளியே வந்த பெண் எங்கள் மூவரையும் பார்த்தாள். பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள். "போச்சு," என்று பிரான்சிஸ் முணுமுணுத்தான்.

ஆனால் குடத்தோடும் நாலு டம்ளர்களோடும் திரும்பி வந்தாள். தண்ணீர் லாரி வந்து இரண்டு நாள் ஆகிறது, பார்த்துக் குடியுங்கள் என்றபடியே எங்கள் டம்ளர்களை நிரப்பி நிரப்பிக் கொடுத்தாள். நாலாவது டம்ளரை மட்டும் நீட்டவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நைனா மெல்ல முன்னால் வந்து, கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினார்.

"கையக் காட்டாத நைனா. எல்லாத்துக்கும் கையக் காட்டிட்டு போயிடுவ. வாயத் தொறந்து கேளு."

நாங்கள் மூன்று பேரும் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தண்ணி குடு ஸ்டெல்லா," என்றார். "தாகமா கீதும்மா."

அந்தக் கிழவர் அன்றைக்குக் குடித்த மாதிரி ஒருவர் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. பாதி மோவாயில் ஒழுகியது. அவள் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லி அவர் தங்கிவிட, நாங்கள் பஸ் பிடித்து ராயபுரம் வந்தோம்.

நைனா ஒரே வாரத்தில் மாத்தூருக்கே குடிபோய்விட்டார் என்று அவர் வீட்டின் சொந்தக்காரர் சொன்னார். டில்லியும் பிரான்சிஸும் அந்த ஒரு ஓட்டத்தோடு பனியன் ஆசையை விட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு காலை ஐந்து மணிக்கு, யாரும் வரமாட்டார்கள் என்று நன்றாகத் தெரிந்தும், நான் ஷூவை மாட்டிக்கொண்டு தெருமுனையில் அரை மணி நேரம் நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம், சந்தோஷப்படவும் செய்தேன். ஆனாலும் டோல்கேட் வரைக்கும் தனியாக ஓடியபோது, என்னையும் கூட்டிக்கொண்டு போகாத அந்த மனுஷனை வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் ஓடினேன்.