பத்து லிட்டர் எண்பது மில்லி

பிழையில்லாமல் போடப்பட்ட தவறான கணக்கைப் போல ஆபத்தானது வேறில்லை. முப்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுபவன் சொல்கிறேன்.

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. சாயங்காலமானால் கால் வீங்கியது. "பெங்களூருக்கு இட்டுனு போலாம் தம்பி" என்றார் அண்ணி. நான்தான் தடுத்தேன். எங்கோ படித்திருந்தேன்: இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்து, நாடித்துடிப்பால் பெருக்கி, மறுபடி இரண்டால் பெருக்கினால், இதயம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி இரத்தம் இறைக்கிறது என்று தெரிந்துவிடும். (ஊசி வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். ஒரு நோட்டும் என்னைப் போல ஒரு மேதாவியும் போதும்.)

ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் உள்ள அண்ணன் வீட்டுக்கு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு போனேன். நூற்று அறுபது, தொண்ணூறு. நாடி எழுபத்திரண்டு. மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன்: பத்து லிட்டர் எண்பது மில்லி. சாதாரண மனிதனுக்கு ஐந்து சொச்சம்தான்.

"ரெண்டு ஆள் வேலையை இவர் இதயம் ஒண்ணே பார்க்குது அண்ணி!"

"அப்போ இன்னாத்துக்கு தம்பி, பாத்ரூம் போய் வர்றதுக்குள்ள இப்படி மேல்மூச்சு வாங்குறாரு?"

"வயசு" என்றேன். அதையும் எழுதிவைத்தேன்.

பத்தொன்பது நாள் அளந்தேன். சிவப்பு மையில் சராசரி வேறு. இருபதாம் நாள் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில், காய்கறிப் பையோடு அண்ணன் தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

பெங்களூரில் ஸ்கேன் எடுத்த டாக்டர், இதயம் பாதி வேலைகூடச் செய்யவில்லை என்றார். நோட்டை நீட்டினேன் (அந்த நேரத்திலும்!).

"வயசானா ரத்தக்குழாய் விறைச்சுப் போகும். மேல் நம்பர் ஏறும், வித்தியாசம் பெருசாகும். ரத்தம் அதிகமா ஓடுதுன்னு அர்த்தமில்ல சார். மூணு வாரம் முன்னாடியே வந்திருந்தா..."

அண்ணன் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பு ஓட்டியவர். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார்.

"குழாய் அடைச்சாலும் பிரஷர் கேஜுல முள்ளு ஏறும்டா. தண்ணி வந்து விழுதான்னு பாக்காம, பம்பு ஓகேன்னு புக்குல எழுதிட்டுப் போறவன் ஷிப்டுக்கு ஒருத்தன் இருப்பான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"நீ படிச்சவனாச்சேன்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

இதயம் தாங்காது என்பதால் இப்போது அவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான் அனுமதி. சர்ச் படி ஏற முடியாததால் பாஸ்டர் வீட்டுக்கே வருகிறார். யார் வந்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாலும், அண்ணன் என்னைக் காட்டி, "பத்து லிட்டர்!" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். (எண்பது மில்லியை விட்டுவிட்டாரே என்றுதான் எனக்கு முதலில் உறுத்தும்.)

அண்ணி மட்டும் சிரிப்பதில்லை. தண்ணீர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்.