மறுப்புள்ளவர்கள் கை தூக்கவும்

காலை எட்டரை மணி. குமாஸ்தாவின் தலை பனியனுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. கைகள் இரண்டும் வெளியே விறைத்துப்போய்த் தொங்கின.

"கையைத் தூக்குங்க" என்றாள் மனைவி.

"தூக்க முடிஞ்சா உன்னை ஏன் கூப்பிடறேன்?" என்று பனியனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என்ன ஆச்சு?"

"தூக்கத்துல பிசகிடுச்சு."

"ரெண்டு கையுமா?"

உண்மை வேறு. போன வாரம் பீரோவை நகர்த்தும்போது, "நீங்க தள்ளி நில்லுங்க, எங்கயாவது இடிச்சுக்கப் போறீங்க" என்று சொல்லிவிட்டு, மனைவி தனியாகவே அதைத் தள்ளி முடித்தாள். நாற்பத்தொரு வயது ஆண் மனம் அதைத் தாங்கவில்லை. நேற்று மாலை யாருக்கும் சொல்லாமல் அடுத்த தெரு ஜிம்மில் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே இயந்திரம் கிடையாது, பாட்டு கிடையாது. இரும்புக் கம்பியும் இரும்புத் தட்டுகளும்தான்.

"நம்மகிட்ட பழைய காலத்துப் பாடம்தான்" என்றார் மாஸ்டர். "உட்கார்ந்து எழுந்திருங்க, தூக்குங்க, தள்ளுங்க. வாராவாரம் கொஞ்சம் எடை ஏத்துங்க. வயிறாரச் சாப்பிட்டு நல்லாத் தூங்குங்க. ஒரு வருஷத்துல சட்டை பத்தாது. இன்னிக்கு வெறும் கம்பி மட்டும்."

மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும், ஒரு வருஷத்துப் பாடத்தைக் குமாஸ்தா ஒரே மாலையில் முடித்துவிட்டார்.

மனைவி தைலம் கொண்டுவந்து தோளில் தேய்த்தாள். பாசம் மிகுந்து நெற்றியிலும் கொஞ்சம் தடவினாள். பேருந்தில் வியர்த்ததும் அது கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை எட்டவில்லை. மேல்கம்பியைப் பிடிக்கவும் வழியில்லாமல், முன்னால் நின்றவரின் முதுகில் சாய்ந்து கண்ணீர் வடித்தார்.

"வீட்ல ஏதாவது துக்கமா சார்?" என்று கேட்ட அந்த மனிதர், இறங்கும்போது ஆறுதலாகத் தோளில் ஓங்கித் தட்டிவிட்டுப் போனார்.

அலுவலகத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேனேஜர் மேசைமேல் இரு கைகளையும் வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"புதுக் கிளைக்கு இங்கேருந்து ஒருத்தர் போகணும். ரயில்ல ஒம்பது மணி நேரம். முடியாதவங்க கை தூக்குங்க."

பதினோரு கைகள் சட்டென்று எழுந்தன. குமாஸ்தாவின் கை இடுப்புவரை வந்து நின்றுவிட்டது.

"தூக்குங்க சார்!" என்று கிசுகிசுத்த டைப்பிஸ்ட், உதவி செய்வதாக நினைத்து, அவர் முழங்கையைப் பிடித்து மேலே தள்ளினாள்.

"ஆஆஆ!"

குமாஸ்தாவின் கை மறுபடி கீழே தொங்கிவிட்டது. மேனேஜர் நிமிர்ந்தார். "அட, இவ்வளவு ஆசையா? கண்ல தண்ணியே வந்துடுச்சே! நாலு மணிக்குள்ள உங்க பேர்ல ஆர்டர் போயிடும். தாமதமானா தலைமை அலுவலகமே வேற ஆளைப் போட்டுடும்."

எல்லோரும் கைதட்டினார்கள். வலி அடங்கிக் குமாஸ்தா விளக்கம் சொல்வதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

பின்னாலேயே மேனேஜர் அறைக்கு ஓடினார். "சார், நான் வலியில கத்தினேன்..."

மேனேஜர் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. முகம் கல்லாக இருந்தது. "பேர் டைப் ஆயிடுச்சு. கதவைச் சாத்திட்டுப் போங்க."

மனைவி தையல் கடை திறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவளிடம் எப்படிச் சொல்வது? அலுவலக உதவியாளர் செல்போனைக் காதோரம் பிடித்துக்கொள்ள, நடைவழியில் நின்றபடி குமாஸ்தா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"பிசகலைம்மா. அடுத்த தெரு ஜிம்முக்குப் போனேன். அந்த பீரோவை நானும் ஒரு தடவை உன் முன்னாடி..."



"அதுக்கா இவ்வளவு?" என்றாள் மனைவி. "போகணும்னா போவோங்க. கடையை அங்க திறந்துக்கறேன். பீரோவையும் நானே ஏத்தி இறக்கிடறேன், நீங்க மட்டும் தொடாதீங்க."

நாலு மணி அடித்தது. நாலே கால் ஆனபோது உதவியாளர் பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"ஆர்டர் போகல சார். இனிமே தலைமை அலுவலகமே வேற ஆளைப் போட்டுக்கும். நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

குமாஸ்தா நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். அன்றைக்கு முதல் தடவையாக முழு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது.

"மேனேஜர் மனசு இளகிட்டாரா?"

"மனசெல்லாம் இல்ல சார், விரல் மடங்கல, கையெழுத்துப் போடப் பேனா நிக்கல. இப்பத்தான் டம்ளரை வாயில வெச்சுத் தண்ணி குடுத்துட்டு வரேன். நேத்து காலை பேட்ச்ல அவரும் உங்க மாஸ்டர்கிட்டதான் சேர்ந்தாராம்!"